செலாந்தா கூப்பிட்ட பெயர்

கல் முதன்முதலாக ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது செலாந்தாவில் நூற்றுப் பதினேழு பேர்தான் மிச்சமிருந்தார்கள். மத்தியதரைக்கடலின் ஓரத்தில் பாதி இடிபாடாகவும் பாதி வீடுகளாகவும் கிடந்த அந்தப் பழைய துறைமுக ஊரிலிருந்து இளவட்டங்கள் எல்லோரும் வடக்கே தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள், அவர்கள் பின்னால் அப்பா அம்மாக்களும் போனார்கள், கடைசியில் ரொட்டிக்கடைக்காரனும் அடுப்பை அணைத்துச் சாவியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அதற்கு மறுநாள் காலை பதினொரு மணிக்கு, மலைச்சரிவில் அரைவட்டமாக வெட்டப்பட்ட கல்லரங்கத்தில், சுற்றிப் பார்க்க வந்த முப்பது பேர் உட்கார்ந்து வெயிலுக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கீழே மேடைக் கல்லிலிருந்து, ஆண் குரல் என்றும் சொல்ல முடியாமல் பெண் குரல் என்றும் சொல்ல முடியாமல் ஒரு பெயர் எழுந்து வந்தது. அது நார்வே நாட்டுப் பல் டாக்டர் ஒருவருடைய பெயர். அவர் எழுந்து நின்று, ஆமாம், நான்தான் என்றார். படியிறங்கி மேடைக்குப் பின்னால் இருந்த கல்வாசலுக்குள் நுழைந்தார். அந்த வாசலுக்கு அப்பால் முள்செடியும் கடலும் தவிர வேறொன்றும் கிடையாது.

மறுநாள் காலை ரொட்டிக்கடைப் புகைபோக்கியில் புகை வந்தது. பல் டாக்டர் முழங்கைவரை மாவோடு நின்றிருந்தார். ஊர்ப் பாஷையை அங்கேயே பிறந்தவர்போலப் பேசினார். உங்கள் பேர் என்ன என்று கேட்டவர்களுக்கு, போன ரொட்டிக்காரனின் பேரைச் சொன்னார். மூன்று நாள் ஊர் அதைப் பற்றிப் பேசியது. நான்காம் நாள் கடைமுன் வரிசை நின்றது, ஐந்தாம் நாள் ஒரு பெண், ரொட்டியில் உப்பு போதவில்லை என்று சண்டை போட்டாள், அத்தோடு அது பழகிப்போயிற்று.

அதற்குப் பிறகு கல் தினமும் கூப்பிட்டது. பெரும்பாலான நாள் கூப்பிட்ட பெயருக்குரியவர் அங்கே இருக்கமாட்டார். இருந்த நாள்களில் அவர் ஆமாம் என்று சொல்லாமல் இருந்ததே இல்லை. கூரை ஒழுகும் வீட்டில், கொத்தனார் ஒருத்தர் பேர் வரட்டும் என்று மெழுகுவத்தி ஏற்றினார்கள். பத்துநாள் கழித்துச் சிலி நாட்டுக் கணக்கு வாத்தியார் ஒருவர் வாசலுக்குள் போய்க் கொத்தனாராக வந்தார். பள்ளிக்கூடம் திறந்தது, மணியடிக்க ஒரு கொரியாக்காரர் வந்தார். நகராட்சி அரங்கத்தின் மேல்வரிசையில் ஊராருக்கென்று பந்தல் போட்டது. யார் வருகிறார்கள் என்று பார்க்க ஜனங்கள் வீட்டுச்சாவியும் சுடச்சுட ரொட்டியும் எடுத்துக்கொண்டு பத்தரைக்கே போய் உட்கார்ந்தார்கள். தேடிக்கொண்டு எந்தப் போலீசும் வரவில்லை, எந்த மனைவியும் வரவில்லை, எந்தப் பிள்ளையும் வரவில்லை. முப்பது வருஷத்தில் ஊர் நானூறு பேரானது, நானூறு பேரில் ஒருவர் முகம்போல் இன்னொருவர் முகம் இல்லை.

அந்த ஊருக்குத்தான் ஒரு சித்திரை மாதத்தில் தாராபுரம், காங்கேயம், திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இருபத்துமூன்று பேர் சுற்றுலா வந்தார்கள், ஊறுகாயும் பருப்புப்பொடியும் பெட்டியில் கட்டிக்கொண்டு.

அவர்களில் தாராபுரத்தில் சொந்தத் தோட்டம் வைத்திருந்த நாச்சிமுத்து இருந்தார். அவர் மனைவி பழனியம்மாள், ஐம்பத்தொரு வயது, எட்டாவது வரை படித்தவள், தன் பதினெட்டு வயதிலிருந்து மாட்டுக் கட்டுத்தறியை விட்டு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெளியே தங்கியிராதவள். நாச்சிமுத்துவின் தங்கை வசந்தாமணி, திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அண்ணியை அந்தப் பக்கத்து வழக்கப்படி நங்கை, நங்கையா என்று கூப்பிடுவாள். இந்தப் பயணத்துக்கு அண்ணியை இழுத்துவந்ததே அவள்தான். மனைவிக்குத் துணையாக வந்தாரா, சாப்பாட்டுக்குத் துணையாக மனைவியைக் கூட்டிவந்தாரா என்பதை நாச்சிமுத்துவே சொல்லமாட்டார்.

நாச்சிமுத்து மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். கோபமாக இருந்தால் "ஏ புள்ள" என்பார். அக்கம்பக்கத்தில் அவள் நாச்சிமுத்து சம்சாரம், மகள் நித்தியகலா பிறந்த பிறகு நித்தியாம்மா. பழனியம்மாள் என்கிற முழுப்பெயர் ரேஷன் அட்டையிலும் இப்போது புதிதாக எடுத்த பாஸ்போர்ட்டிலும் மட்டும் இருந்தது.

செலாந்தாவில் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் மார்த்தா. ஐம்பது வயதிருக்கும், சின்னக் கண்கள், மணிக்கட்டில் ஏதோ எழுத்தில் பச்சை குத்தியிருந்தாள். அது என்ன எழுத்து என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்த ஒருவர் ஒருநாள் வந்தார். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தாள். பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். "பலானியம்மல்" என்றபோது பஸ்ஸே சிரித்தது, பழனியம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தூண்கள் நின்ற நெடுந்தெருவில் மார்த்தா அவர்களை நடத்திக் கூட்டிப்போனாள். குளியல் மண்டபத்தைக் காட்டினாள், வெந்நீர் ஓடிய களிமண் குழாய்களைக் காட்டினாள், மண்ணேறித் தூர்ந்துபோன துறைமுகத்தில் கப்பல் கட்டிய கல்வளையத்தைக் காட்டினாள். பத்தே முக்காலுக்கு அரங்கத்தில் உட்கார வைத்து, கல் கூப்பிடும் விஷயத்தை, அடுத்து எங்கே காபி கிடைக்கும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். உங்கள் பெயர் வந்தால் பதில் சொல்ல வேண்டுமென்ற கட்டாயமில்லை. சொன்னவர்கள் எங்களோடு இருந்துவிடுவார்கள்.

கூட்டிவந்த கம்பெனியின் டூர் மேனேஜர் பிரதாப் அதைத் தமிழில் சொன்னான். "பதில் சொன்னவங்களுக்கு இந்த ஊரு ரொம்பப் புடிச்சுப்போயிருதாமுங்க."

பதினொரு மணிக்கு மேடைச் சுவரின் நிழல் மூன்றாவது படியைத் தொட்டபோது, கல் கூப்பிட்டது.

"பழனியம்மாள்."

ஒரு சுருக்கமில்லை, ஒரு தடுமாற்றமில்லை. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ராசியப்பன் துள்ளி எழுந்துவிட்டார். "ழகரம்! கேட்டீங்களா, ழகரம்! நம்ம பசங்களுக்கு வராத ழகரம் இந்தக் கல்லுக்கு வருதுங்களே!" இருபது கைப்பேசிகள் மேடையைப் பார்த்து உயர்ந்தன. அந்தச் சந்தடியில் பழனியம்மாள் முதுகு நிமிர்ந்து, கால்களைச் சேர்த்து, மூன்றாம் வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது எழுந்திருப்பதைப் போல எழுந்ததை வசந்தாமணி மட்டும்தான் கவனித்தாள். பழனியம்மாளின் உதடு பிரிந்து "உள்" என்று ஆரம்பித்தபோது வசந்தாமணியின் உள்ளங்கை அந்த வாயை மூடியது.

எதற்காக மூடினாள் என்று அவளுக்கே தெரியாது. மேல்வரிசையில் ரொட்டியோடும் சாவியோடும் உட்கார்ந்திருந்த ஜனங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். முப்பது வருஷத்தில் முதல்முறையாகக் கூப்பிட்ட ஆள் இருந்தும் பதில் வரவில்லை. அவர்கள் துணிக்குள் ரொட்டியை மறுபடி சுற்றிக்கொண்டு இறங்கிப்போனார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அறையில் படுத்துவிட, பழனியம்மாள் இடிபாடுகளுக்குள் தனியாக நடந்தாள், வசந்தாமணி அவளைத் தேடிப்போனபோது அவள் உடைந்த கோயில் படியில் குந்தி, ஒரு வெள்ளாட்டின் மடியைப் பீச்சிக்கொண்டிருந்தாள். பால் கல்லில் விழுந்து ஓடியது. சுற்றிலும் நாற்பது ஆடுகள் நின்றிருந்தன, மடி வீங்கி, காம்பு சிவந்து.

"பாரு அம்மிணி, எத்தனை நாளாச்சோ பீச்சி" என்றாள் பழனியம்மாள். "கையை வெச்ச உடனே அழுகிற மாதிரி கத்துச்சு. யாருமே இல்லையா இந்த ஊருல இதுகளைப் பாக்க?"

இல்லை என்று சாயங்காலம் மார்த்தா சொன்னாள். ஆடு பார்த்துக்கொண்டிருந்த கிழவர் மாசிமாதக் குளிரில் இறந்துவிட்டார், துறைமுகத்தோரம் அத்திமரம் நிற்கும் அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. வசந்தாமணி பனியன் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பழகிய இங்கிலீஷில் கேட்டாள், "போனவர்களுக்குப் பழசு நினைவிருக்குமா?"

"எதற்கு?" என்றாள் மார்த்தா.

"கூட வந்தவர்களுக்கு?"

"ஊர் எல்லையில் ஆலிவ் எண்ணெய் ஆட்டும் செக்குமேடு இருக்கிறது. பஸ் அதைத் தாண்டினால் அவர்களுக்கும் ஒன்றும் இருக்காது. யாரும் அழவேண்டியதில்லை." மார்த்தா வசந்தாமணியின் தோளைத் தொட்டாள், கை சூடாகவும் அன்பாகவும் இருந்தது. "உங்கள் அண்ணிக்கு நாங்கள் ஒரு தொந்தரவும் தரமாட்டோம். காத்திருப்போம்."

மறுநாளும் கல் அதே பெயரைக் கூப்பிட்டது. பழனியம்மாள் மடியில் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கல் வேறு பெயரைச் சொல்லவில்லை. அன்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சரம்மா வருவாளென்று எதிர்பார்த்திருந்த பிள்ளைகள் பலகைகளோடு திரும்பி நடந்தார்கள்.

அன்று மத்தியானத்திலிருந்து ஊருக்குள் ஒரு சத்தம் தொடங்கியது. ரொட்டிக்கடையில் அந்தப் பழைய பல் டாக்டர் மாவைத் தட்டிக்கொண்டே நாக்கை மேலே மடித்து மடித்துப் பார்த்தார். மணியடிக்கிற கொரியாக்காரர் கோபுரத்தில் நின்று அதையே செய்தார். மீன் கழுவும் பெண்கள், சுவர் பூசும் கொத்தனார், ஜன்னலோரம் பூத்தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறவர்கள், எல்லோரும் வேலையை நிறுத்தாமல், ஒருவரையொருவர் பார்க்காமல், "பல... பள... பர..." என்று சொல்லிப் பார்த்தார்கள். நானூறு பேர் ஒரே எழுத்தைத் தேடினார்கள். விடுதிப் பால்கனியில் நின்று அதைக் கேட்ட வாத்தியார் ராசியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவில் இறங்கிப்போய், நாக்கின் நுனியை எங்கே வளைக்க வேண்டும், எங்கே தொடாமல் விட வேண்டும் என்று சந்து சந்தாக நின்று சொல்லிக்கொடுத்தார். வெயில் தாழ்வதற்குள் ஒரு குழந்தைக்கு ழ வந்துவிட்டது. அது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

மார்த்தா சொன்னதை வசந்தாமணி ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னாள். பஸ்ஸில் வந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

"நம்ம ஊருக்காரி பேரு கல்லுல வந்துருக்குது, பெருமையில்லீங்களா?" என்றார் காங்கேயத்து அரிசி ஆலைக்காரர். "சும்மா ஆமான்னு சொல்லிட்டு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தா ஆச்சு."

"மேடம், நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வண்டி எடுத்தே ஆகோணும். அதுக்குள்ள எதுன்னாலும் முடிச்சுக்கலாம்" என்றான் பிரதாப்.

அண்ணன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வசந்தாமணி அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணா, நங்கையைப் பேரு சொல்லி ஒருக்கா கூப்பிடுங்க."

"என்னத்துக்கு?"

"அவங்களை யாருமே கூப்பிட்டதில்லீங்ண்ணா. அதான் அந்தக் கல்லு கூப்பிட்டதும் எந்திரிச்சுட்டாங்க. நீங்க ஒருக்கா கூப்பிட்டீங்கன்னா போதும், அங்க திரும்பியே பார்க்கமாட்டாங்க."

நாச்சிமுத்து சிரித்தார். "முப்பத்திரண்டு வருஷமா கூப்பிடாததை இப்ப இத்தனை பேரு நடுவுல கூப்புடுவாங்களா? என்ன நெனைப்பாங்க? போ, போயி வேலையப் பாரு." ஆனால் உரித்த கடலையை வாயில் போடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். மனைவி குளியலறையிலிருந்து வந்ததும் ஒருமுறை வாயைத் திறந்தார். "இந்தா, என்ற துண்டு எங்க?" என்றுதான் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் வசந்தாமணி அறைக்கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். பழனியம்மாள் தலை வாரி, பூ இல்லாத கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"நித்தியா முழுகாம இருக்கறா நங்கையா. அஞ்சு மாசம்" என்றாள் வசந்தாமணி. "அவளையே மறந்துருவீங்க."

பழனியம்மாள் யோசித்தாள். "மறந்துட்டா வலிக்காதல்ல?"

"உங்களுக்கு வலிக்காது. அவளுக்கு?"

"அவளுக்கும் வலிக்காதுன்னு அந்தப் பொம்பள சொன்னான்னு நீதான சொன்னே."

"எனக்கு வலிக்கும். நான் மறக்கமாட்டேன்."

பழனியம்மாள் எழுந்துவந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நாத்தனாரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் மேல் ஆட்டுப்பால் வாசம் அடித்தது. "நான் பதில் சொல்லமாட்டேன் அம்மிணி. சத்தியமா. போயி உக்காந்து இன்னொருக்கா கேட்டுட்டு மட்டும் வந்தர்றேன். அப்புறம் இந்த ஆயுசுக்கும் அப்படிக் கேக்கப்போறதில்லையே."

அந்தக் குரலைக் கேட்ட பிறகு வசந்தாமணியால் கதவை அடைத்து வைத்திருக்க முடியவில்லை.

அன்று அரங்கத்தின் மேல்வரிசையில் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. ரொட்டிக்கடை மூடியிருந்தது, மணிக்கூண்டில் ஆளில்லை. ஆடுகளையும் ஓட்டிவந்திருந்தார்கள், அவை படிகளில் அசையாமல் நின்றன. விடுதி வாசலில் பஸ், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு எஞ்சின் ஓட நின்றது. நிழல் மூன்றாவது படியைத் தொட்டது.

"பழனியம்மாள்" என்றது கல்.

பழனியம்மாள் நாத்தனாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. கடல் சத்தம்கூட இல்லை. அப்போது மேலேயிருந்து, கைக்குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை, நார்வேக்காரரும் சிலிக்காரரும் கொரியாக்காரரும் இப்போது எந்த நாட்டுக்காரர்களும் இல்லாதவர்களுமான நானூறு பேர், ஒரே மூச்சில், ஒரு பிசிறில்லாமல், கெஞ்சவும் இல்லாமல் மிரட்டவும் இல்லாமல், சோறு ஆறுகிறது வா என்று வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுவதைப் போலக் கூப்பிட்டார்கள்.

"பழனியம்மாள்."

வசந்தாமணி அண்ணன் பக்கம் திரும்பிக் கத்தினாள். "கூப்பிடுங்கண்ணா! உங்க கால்ல வேணாலும் விழுகறேன், கூப்பிடுங்க!"

நாச்சிமுத்து எழுந்துவிட்டார். சுற்றிலும் பார்த்தார், எல்லாக் கைப்பேசிகளும் தன்னைப் பார்த்துத் திரும்பியிருப்பதைப் பார்த்தார், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இந்தா" என்றார். "வா, போலாம். பஸ்ஸு நிக்குது."

பழனியம்மாள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று வசந்தாமணிக்குத் தோன்றியது. பிறகு அவள் எழுந்தாள், கால்களைச் சேர்த்தாள், தெளிவான குரலில் சொன்னாள்.

"உள்ளேன் ஐயா."

வசந்தாமணி பிடித்திருந்த கையை விடவில்லை. பழனியம்மாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், வலிக்காமல், குழந்தையின் கைக்குள்ளிருந்து எதையோ எடுப்பதைப் போல. படி இறங்கினாள். அவள் பத்துப் படி இறங்கிய பிறகு நாச்சிமுத்துவுக்குள் ஏதோ உடைந்தது, "பளனியம்மா!" என்று அவர் போட்ட சத்தம் அந்தக் கல்லரங்கத்தின் கடைசி வரிசை வரை போய் இறங்கிவந்தது. "பளனியம்மா! நில்லு! பளனியம்மா!"

அவள் திரும்பிப் பார்த்தாள். எங்கோ யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒருவர் திரும்பிப் பார்ப்பாரே, அப்படி. அதற்குள் அந்த முகத்துக்குத் தமிழ் தெரியவில்லை. மரியாதைக்காக லேசாகச் சிரித்துவிட்டு, மேடைக்குப் பின்னால் போய், வாசலுக்குள் நுழைந்தாள். ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் பின்னால் போயின.

பஸ்ஸில் ஏறும்போது நாச்சிமுத்துவை இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார். வாத்தியார் ராசியப்பன் தன் நாக்கை அறுக்க வேண்டும் என்று தலையைக் கம்பியில் மோதிக்கொண்டார். பிரதாப் தூதரகத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். வசந்தாமணி மட்டும் அழவில்லை, அழ அவளுக்கு நேரமில்லை. தூரத்தில் செக்குமேடு தெரிந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். பழனியம்மாள், பழனியம்மாள், பழனியம்மாள்.

பஸ் செக்குமேட்டைத் தாண்டியது. பிரதாப் கைப்பேசியைப் பார்த்து, எதற்கு இந்த எண்ணை எடுத்தோம் என்று யோசித்து, பையில் போட்டுக்கொண்டான். எழுந்து எண்ணினான். "இருபத்திரண்டு பேரும் இருக்கீங்கல்ல? சரி, போலாம் டிரைவர்." வாத்தியார், மேடையும் வெயிலும் மட்டும் தெரிந்த ஒரு வீடியோவை, ஒன்றுமே இல்லாததை எதற்கு எடுத்தோம் என்று அழித்தார். நாச்சிமுத்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்து ஈரமாக இருப்பதைக் கண்டு, "காத்துல தூசு" என்று துண்டால் துடைத்தார். பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது, அதில் தன் பையை வைத்தார்.

வசந்தாமணி சொல்லிக்கொண்டே இருந்தாள். விமான நிலையத்தில் சொன்னாள், விமானத்தில் சாப்பாடு வேண்டுமா என்று கேட்ட பெண்ணுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சொன்னாள், பத்தொன்பது மணி நேரம் தூங்காமல் சொன்னாள். அது யாருடைய பெயர் என்பது கடலுக்கு மேலே எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. முகம் போயிற்று, குரல் போயிற்று, பால் வாசம் போயிற்று. பெயர் மட்டும் நாக்கில் இருந்தது, அதை விடக் கூடாது என்பதும் இருந்தது.

தாராபுரத்து வீடு ஓர் ஆள் குறைந்ததை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. பீரோவில் இருந்த சேலைகள் வசந்தாமணியுடையவை என்று எல்லோரும் நினைத்தார்கள். கல்யாணப் போட்டோவில் நாச்சிமுத்து மாலையோடு தனியாக நின்றார், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு. அந்தக் காலத்துப் போட்டோக்காரனுக்கு அவ்வளவுதான் தெரியும் என்றார்கள். நித்தியகலா, தன்னை வளர்த்தது அத்தைதான் என்று சொன்னாள், அதை நம்பவும் நம்பினாள், ஆனால் தினமும் அப்பாவுக்குப் போன் செய்து பேசி முடித்த பிறகும் வைக்காமல், வேறு யாரிடமோ கொடுக்கச் சொல்ல வேண்டும் என்பதுபோல ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டே இருந்தாள். வளைகாப்பை முன்னின்று செய்ய வீட்டில் பெண் யாரும் இல்லையென்று வசந்தாமணியைக் கூப்பிட்டார்கள். வந்தவள் நான்கு நாள் இருந்தாள், நான்கு நாள் ஒரு மாதமாயிற்று. யாரும் அவளை வேலையை விடச் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து வந்த போன்கள் குறைந்தன, அடுப்பு அவள் கைக்கு வந்தது, நாச்சிமுத்து பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல், "இந்தா, தண்ணி கொண்டா" என்றார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று சரியாகப் பொருந்திவிட்டதுபோல நிம்மதியாக இருந்தது.

மாடுகளுக்கு மட்டும் பொருந்தவில்லை. சுற்றுலா போனவர்கள் திரும்பி வந்த நாளிலிருந்து மூன்று மாடுகளும் பாலை அடக்கிக்கொண்டன. டாக்டர் ஊசி போட்டார், பூசாரி திருநீறு போட்டார், நாச்சிமுத்து விற்றுவிடலாமா என்று யோசித்தார். ஒருநாள் காலையில் வசந்தாமணி கட்டுத்தறியில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தபோது, பழக்கத்தில் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து சத்தமாக வந்துவிட்டது.

மூன்று மாடுகளும் அசைபோடுவதை நிறுத்தின. மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பின. அங்கே யாரும் இல்லை. மாடுகள் காதை விறைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தன, பிறகு நடுவில் நின்ற கிழட்டு மாடு, கன்று செத்த அன்று கத்துவதைப் போல, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டது.

வசந்தாமணி கூடையைக் கீழே வைத்தாள். கைகழுவினாள். அண்ணன் உள்ளேயிருந்து, "இந்தா, காப்பி என்னாச்சு?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், பீரோவிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினாள்.

டிராவல்ஸ் ஆபீசில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டாள். "செலாந்தாவா? போன தடவை போயிட்டு வந்து நாலு மாசந்தானுங்களே ஆகுது மேடம். மறுபடியும் சுத்திப் பாக்கவா?"

"இல்லீங்க. ஒருத்தரைக் கூட்டியாரணும்."

"சொந்தக்காரங்களா?"

"தெரியாதுங்க. யாருன்னே தெரியாது. பேரு மட்டுந்தான் தெரியும்."

அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இந்த மாதிரி ஆட்களும் வருவார்கள் என்பதுபோல மறுபடி விசைப்பலகையில் கையை வைத்தாள்.

"சரிங்க மேடம். மொதல்ல உங்க பேரச் சொல்லுங்க, ஃபாரத்துல போட்டுக்கறேன்."

அவள் வாயைத் திறந்தாள். நாக்கில் இருந்த ஒரே பெயர் அவளுடையதல்ல. வெளியே பஸ் ஹாரன் ஒன்று அடித்து ஓய்ந்தது. ஆபீஸ் பெண் காத்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் அவள். "சொல்றேன்."